கோத்தா தம்பான்: பாதியில் நின்ற கற்பட்டறை

பேராக் மாநிலத்தின் லெங்கோங் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 'பேராக் மனிதன்'. 1991-இல் குனோங் ருந்து குகையில் தோண்டியெடுக்கப்பட்ட அந்த எலும்புக்கூடு சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஆனால், அவருக்கு வெகுகாலம் முன்பே அதே பள்ளத்தாக்கில் கல் உடைத்து வாழ்ந்தவர்கள் உண்டு. அவர்கள் மீது ஒரு காலத்தில் விழுந்த பழி இன்று பலருக்குத் தெரியாது.

கோத்தா தம்பான் என்னும் இடத்தை 1938-இல் காலிங்ஸ் என்பவர் அகழ்ந்தார். கிடைத்தவை ஆற்றுக் கூழாங்கற்கள். ஓர் ஓரத்தை மட்டும் தட்டிக் கூராக்கி, மறுபுறத்தைக் கைப்பிடியாக அப்படியே விட்டிருந்தார்கள். பார்வைக்கு மிக எளிமையான கருவிகள். அந்த எளிமையே வினையாகிவிட்டது. 1940-களில் ஹார்வர்ட் ஆய்வாளர் ஹாலம் மோவியஸ் உலக வரைபடத்தில் ஒரு கோடு கிழித்தார். ஆப்பிரிக்கா, ஐரோப்பா, இந்தியா ஆகியவை இருபுறமும் செதுக்கிய கைக்கோடரி செய்த பகுதிகள். கோட்டுக்குக் கிழக்கே வாழ்ந்தவர்கள் பின்தங்கியவர்கள் என்றார். கோத்தா தம்பானும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

கல்லை மட்டும் வைத்து மனிதனுக்கு மதிப்பெண் போடலாமா?

1987-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுரைனா மஜிட் குழுவினர் அங்கே மீண்டும் தோண்டினார்கள். வெளிப்பட்டது ஒரு பட்டறை! உடைப்பதற்கு எடுத்த கல், அதைத் தாங்கிய அடிக்கல், தட்டிய சுத்திக்கல், தெறித்த சில்லுகள், முடிந்த கருவி எல்லாம் கிடந்த இடத்திலேயே கிடந்தன. எந்தக் கல்லை எடுப்பது, எங்கே வைத்து எப்படித் தட்டுவது என்ற ஒழுங்கு அதில் தெரிந்தது. கற்களோடு எரிமலைச் சாம்பலும் இருந்தது. சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தபோது மக்கள் வேலையைப் பாதியில் விட்டுப் போயிருக்க வேண்டும் என்பது சுரைனாவின் கருத்து. பட்டறையின் வயது முதலில் 31,000 ஆண்டு எனக் கணிக்கப்பட்டது. தோபா வெடிப்பின் காலம் தெளிவான பிறகு அது சுமார் 74,000 ஆண்டு என உயர்ந்தது.

இங்கே மூங்கிலுக்குப் பஞ்சமில்லை. நுட்பமான வேலைக்கு மூங்கிலையும் அதை வெட்ட மட்டும் கல்லையும் பயன்படுத்தியிருக்கலாம் என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். மூங்கில் மக்கிவிடும், கல் மிஞ்சும். மிஞ்சியதை வைத்துத் தீர்ப்பு எழுதியதுதான் கோளாறு. கோட்டுக்குக் கிழக்கே கைக்கோடரியே இல்லை என்ற பேச்சும் நிலைக்கவில்லை. சீனாவின் போசே படுகையில் சுமார் 8 லட்சம் ஆண்டுப் பழமையான கைக்கோடரிகள் கிடைத்ததாக 2000-இல் அறிவிக்கப்பட்டது. லெங்கோங்கின் புக்கிட் புனோவில் கிடைத்த கைக்கோடரிக்கு 18 லட்சத்து 30 ஆயிரம் ஆண்டு என்று 2009-இல் அறிவித்தார்கள்; அந்த வயதை ஏற்காத அறிஞர்களும் உண்டு.

நுட்பம் நின்ற இடத்திலேயே நிற்கவும் இல்லை. பேராக் மனிதன் காலத்தில் கூழாங்கல்லின் இரு முகங்களையும் செதுக்கினார்கள். அவரைப் புதைத்தபோது கற்கருவிகளையும் உடன் வைத்தார்கள். சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் தட்டுவதோடு தேய்ப்பதும் சேர்ந்தது, கோடரி வழவழப்பானது. 2012-இல் லெங்கோங் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

வயலிலும் ஆற்றோரத்திலும் அகப்பட்ட அந்த வழவழப்பான கோடரிகளை மலாய்க் கிராமத்தார் 'பத்து லிந்தார்', அதாவது இடிக்கல் என்றார்கள். மனிதன் தேய்த்த கல்லென்று அவர்கள் நினைக்கவில்லை. மின்னலோடு வானிலிருந்து விழுந்தது என்று நம்பி வீட்டில் பத்திரப்படுத்தினார்கள்.