மேடைக் கலைஞர்களுக்கு மருத்துவக் காப்பீடு: திட்டங்கள் எட்டும் இடமும் எட்டாத இடமும்

மருத்துவப் பாதுகாப்புத் திட்டங்கள் பல நடைமுறையில் இருந்தும், நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி ஊதியம் பெறும் இசை, நடன, நாடகக் கலைஞர்கள் பலர், தொழில் செய்யும் வயதில் அவற்றுக்கு வெளியிலேயே நிற்கின்றனர்.

இதற்கு முதற்காரணம் வேலையின் தன்மை. இ.எஸ்.ஐ. திட்டம் பொதுவாக 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு உரியது. ஊதியத்தில் 3.25 சதவீதத்தை நிறுவனமும் 0.75 சதவீதத்தைத் தொழிலாளியும் செலுத்துகின்றனர். இன்று கோயில் விழா, அடுத்த வாரம் திருமணம், பின்னர் அரசு விழா என்று மேடை மாறும் கலைஞருக்குச் சந்தா செலுத்தும் நிறுவனம் எது என்பதற்கு விடை இல்லை.

2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு அளிக்கிறது. கிராமப்புறக் குடும்பங்கள் 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் பதிவான வறுமைக் குறியீடுகளின்படி தேர்வாகின. நகர்ப்புறத்துக்கு 11 தொழில் பிரிவுகள் வகுக்கப்பட்டன. வீட்டிலிருந்து பணிபுரியும் கைவினைஞரும் தையற்காரரும் அதில் உள்ளனர். பாடகர், நடனக் கலைஞர், நாடக நடிகர் என்ற பிரிவு இல்லை. மாநிலங்கள் தங்கள் பட்டியலை விரிவுபடுத்திக்கொள்ள இடமுண்டு என்பதால் நிலைமை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.

அட்டை கிடைத்தவருக்கும் இன்னொரு தடை உண்டு. இத்திட்டம் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. அனுமதிக்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பிய பின் 15 நாள் செலவுகள் சேரும். தனித்த வெளிநோயாளி சிகிச்சை சேராது. கலைஞர்களின் தொழில்சார் உபாதைகளோ பெரும்பாலும் படுக்கையில் சேர்க்கும் அளவுக்கு வருவதில்லை. மேற்கு வங்கத்தின் புருலியா சௌ நடனத்தில், கனத்த முகமூடியுடன் உயரத் துள்ளி முழங்காலில் இறங்குகின்றனர். கதக் கலைஞர் ஒவ்வொரு காலிலும் நூறுக்கு மேற்பட்ட சலங்கை மணிகளைக் கட்டி மணிக்கணக்கில் தரையை மிதிக்கிறார். பாடகருக்குக் குரல்நாண் முடிச்சு, தாளக் கலைஞருக்குச் செவித்திறன் குறைவு, தோள் வலி. இவற்றுக்குத் தேவைப்படுவது இயன்முறை மருத்துவம், குரல் பயிற்சி, ஓய்வு. ஓய்வு நாளில் வருமானமும் இல்லை.

கைத்தறி நெசவாளர்களுக்காக 2005இல் தொடங்கிய காப்பீட்டின் உச்சவரம்பு 15,000 ரூபாய்தான். ஆனால் அதில் 7,500 ரூபாய் வரை வெளிநோயாளி செலவுக்குப் பயன்பட்டது. தொகை சிறிதாயினும் அந்த அமைப்பு கலைஞர்களின் தேவைக்கு இன்றைய பெருந்தொகையைவிடப் பொருத்தமானது.

மத்திய கலாச்சார அமைச்சகத்தின் மூத்த கலைஞர்களுக்கான நிதியுதவி மாதம் 6,000 ரூபாய் வரை வழங்குகிறது. அதற்கு 60 வயது நிறைந்திருக்க வேண்டும், வருமான வரம்பும் உண்டு. 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வேறுபாடின்றி ஆயுஷ்மான் காப்பீடு 2024 அக்டோபர் முதல் நீட்டிக்கப்பட்டது. இரண்டுமே பயனுள்ளவை. எனினும் முழங்கால் தேயத் தொடங்கும் 40 வயதுக் கலைஞருக்கு இரண்டும் தொலைவிலேயே உள்ளன. கேரளம் 2010இல் கலாச்சாரப் பணியாளர் நல நிதிக்குத் தனிச் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் செயல்படுகிறது.

தனியார் காப்பீட்டில் சில மாற்றங்கள் உதவியாக உள்ளன. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கான 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. கலைஞர் சங்கங்கள் குழுக் காப்பீடும் பெறலாம். ஆனால் காப்பீடு எடுப்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு தொடங்கப்பட்ட சங்கத்துக்கு அனுமதி இல்லை.

சந்தாவை யார் செலுத்துவது என்ற சிக்கலுக்கு ஜெர்மனி 1983 முதல் ஒரு வழி கண்டுள்ளது. அங்கு சமூகக் காப்பீட்டுச் சந்தாவில் 50 சதவீதத்தைக் கலைஞரும், 30 சதவீதத்தை அவரது படைப்பைப் பயன்படுத்தும் பதிப்பகம், அரங்கு போன்ற நிறுவனங்களும், 20 சதவீதத்தை அரசும் ஏற்கின்றன. இந்தியாவின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதையொத்த கருத்து உண்டு. செயலிவழித் தொழிலாளர்களுக்காக, அத்தளங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை நிதியளிக்க வேண்டும் என அது கூறுகிறது. விழாக் குழுவோ நிகழ்ச்சி ஒப்பந்ததாரரோ நேரில் அழைத்து ஆட வைக்கும் கலைஞருக்கு அத்தகைய பங்களிப்பு ஏதும் வகுக்கப்படவில்லை.