காணாமல் போன நோட்டுப் புத்தகம்

2009 ஜனவரி 8 காலை. கொழும்புக்குத் தெற்கே அத்திடியவில், 'சண்டே லீடர்' வார இதழின் ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க காரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிள்களில் வந்தவர்கள் வழிமறித்துத் தாக்கினார்கள். களுபோவில மருத்துவமனையில் அன்றே உயிர் பிரிந்தது. வயது 50.

கிளிநொச்சி விழுந்து ஆறே நாள் ஆகியிருந்தது. நெய்வேலியில் எங்கள் டீக்கடைப் பேச்செல்லாம் வன்னியைப் பற்றித்தான். ஒரு சிங்களப் பத்திரிகையாளரின் சாவு அந்தத் துக்கத்தில் அடிபட்டுப் போயிற்று. ஆனால் அவர் புலிகளைக் கண்டித்தது போலவே, தமிழ் மக்கள் மீது குண்டு போடுவதையும் கண்டித்து எழுதியவர். நாம் மறக்கக் கூடாத மனிதர்.

அவரது இதழ் தோண்டி எடுத்தவற்றுள் முக்கியமானது, 2006-இல் உக்ரைனிலிருந்து 'மிக்-27' போர் விமானங்கள் நான்கு வாங்கிய பேரம். அதில் பணம் கைமாறியதாக 2007-இல் எழுதினார்கள். அப்போதைய பாதுகாப்புச் செயலாளர் கோத்தபய ராஜபக்ச அவதூறு வழக்குப் போட்டார். அதே ஆண்டு நவம்பரில் இதழின் அச்சகம் தீக்கிரையானது. லசந்த இறந்த மூன்றாம் நாள் வெளிவந்த தலையங்கம் அவரே முன்கூட்டி எழுதி வைத்தது. தான் கொல்லப்பட்டால் அதற்கு அரசே பொறுப்பு என்று அதில் சொல்லியிருந்தார். கோத்தபய இக்கொலையில் தனக்குத் தொடர்பில்லை என்றே சொல்லி வந்திருக்கிறார்.

பிறகு நடந்ததுதான் என் போன்ற பழைய குமாஸ்தாவை உறுத்துகிறது. தன்னைத் தொடர்ந்து வந்த வண்டிகளின் எண்களை லசந்த ஒரு நோட்டில் குறித்திருந்தாராம். அது போலீஸ் கைக்குப் போய், காணாமல் போனதாகப் புலனாய்வுத் துறையே நீதிமன்றத்தில் சொன்னது. சாட்சியத்தை மறைத்ததாக 2018-இல் முன்னாள் உயர் போலீஸ் அதிகாரி ஒருவர் கைதானார். காயம் எதனால் என்ற குழப்பத்தில் 2016-இல் உடலையே தோண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். ஆபீசில் ஒரு தாள் காணாமல் போனால் ஒரு குடும்பத்தின் பென்ஷன் நின்று போகும். இங்கே ஒரு நோட்டு போனதில் ஒரு கொலையின் தடயமே போயிற்று.

மகள் அகிம்சா விடவில்லை. 2019 ஏப்ரலில் கலிபோர்னியாவில் கோத்தபய மீது வழக்குப் போட்டார். அரசுப் பதவியில் இருந்தவருக்கு விலக்கு உண்டு என்று அக்டோபரில் அது தள்ளுபடியானது. அடுத்த மாதமே கோத்தபய ஜனாதிபதி. 2021-இல் அவர் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார். 2022-இல் மக்கள் கொந்தளிப்பில் கோத்தபய நாட்டை விட்டே ஓடினார். 2025 தொடக்கத்தில், மூன்று சந்தேக நபர்களை விடுவிக்கலாம் என்று சட்டமா அதிபர் எழுத, அகிம்சா உட்படப் பலர் எதிர்த்தபின் அது நிறுத்தி வைக்கப்பட்டது.

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு த்ரேஃபுஸ் வழக்கு பழக்கமானது. 1894-இல் பொய்க் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்ட ராணுவ அதிகாரிக்காக, 1898 ஜனவரி 13-இல் எமில் ஸோலா பத்திரிகையில் ஜனாதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஸோலாவுக்கே தண்டனை விதித்தார்கள்; இங்கிலாந்துக்குத் தப்பிப் போனார். த்ரேஃபுஸ் குற்றமற்றவர் என்று 1906-இல் தீர்ப்பானபோது ஸோலா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அங்கே பன்னிரண்டு ஆண்டில் தீர்ந்தது, ராணுவத்தின் போலி ஆவணங்கள் அம்பலமானதால். லசந்த வழக்கில் பதினைந்து ஆண்டுக்கு மேலாகியும் கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

தண்டிக்கும் அதிகாரம் நமக்கில்லை. அந்தப் பெயரையாவது பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.