பின்கட்டுக்கு ஒரு ரூட்டர்



கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதும் படிக்க நேரமில்லாத உறவினர்கள் இந்தப் பத்தியையாவது படித்துவிடுங்கள். போன மாதம் என் தங்கை பேத்தியின் ஆன்லைன் நேர்முகத் தேர்வு பாதியில் அறுந்துபோனதே, அதற்கு அவள் காரணம் இல்லை. நான்தான் காரணம். "ராத்திரி பூரா போன் பார்த்து நெட்டைத் தீர்த்துவிட்டாள்", "சரியாகத் தயாராகவில்லை, அதனால் நெட் மேல் பழி போடுகிறாள்" என்றெல்லாம் குடும்பக் குழுவில் எழுதினீர்கள். அதைப் படித்துக்கொண்டே மூன்று வாரம் வாய் திறக்காமல் இருந்தேன். செய்த தவறைவிட அது பெரிய தவறு. அந்தப் பெண்ணும் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீடு உங்களில் பலருக்குத் தெரியும். பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில் திண்ணையில் உட்கார்ந்து படித்தவர்கள் எத்தனையோ பேர். முன்கட்டு, நடுவில் முற்றம், அதைத் தாண்டிப் பின்கட்டு. தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர், ஒன்றரை அடி கனம். ரூட்டர் முன்கட்டில் இருக்கிறது. பின்கட்டு அறையில் வைஃபை ஒரு கோடு காட்டினால் அன்றைக்கு நல்ல நாள். அந்த அறையில்தான் அவள் தங்கிப் படிக்கிறாள்.

நேர்முகத் தேர்வு காலை 11 மணிக்கு. பிள்ளைக்கு உதவலாம் என்று, சென்னையில் மகன் வீடு மாறியபோது மிச்சமாகி அலமாரியில் கிடந்த பழைய ரூட்டரை எடுத்தேன். முற்றத்து ஓரமாக ஒரு நீள வயரை இழுத்து, இதில் ஒரு முனை, அதில் ஒரு முனை செருகினேன். விளக்குகளெல்லாம் பச்சையாக எரிந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நேர்முகம் தொடங்கி ஏழெட்டு நிமிடம் இருக்கும், "தாத்தா, நெட் போச்சு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடி, போன் நெட்டில் மறுபடி சேர்வதற்குள் கால் மணி நேரம். அவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நெட் இணைப்பு பார்க்கும் தம்பிக்குப் போன் போட்டுக் கன்னாபின்னாவென்று திட்டினேன். பாவம், வெயிலில் மதியம் 2 மணிக்கு வந்தான். ஒரு நிமிடம் பார்த்தான். நான் போட்ட வயரைப் பிடுங்கினான். நெட் வந்துவிட்டது. "சார், ரெண்டு பெட்டியும் ஒரே நம்பர்ல நிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் நீட்டிய மோரையும் குடிக்காமல் போனான்.

ஒரே நம்பரா? இரண்டும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு ஆண்டில் வாங்கியவை. தலைகீழாகப் பார்த்தால், இரண்டின் அடியிலும் 192.168.1.1 என்று ஒட்டியிருந்தது. முப்பத்து நான்கு வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவனுக்கு "ஏன்" என்று கேட்காமல் தூக்கம் வராது. சென்னையில் நெட்வொர்க் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவனைப் பிடித்து நான்கு நாள் தொந்தரவு செய்தேன். அவன் சொன்னதும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததும் கீழே.

இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் விலாசம் வேண்டும். இன்றும் பெருமளவு புழக்கத்தில் உள்ள விலாச முறை 1981-ல் எழுதி முடிக்கப்பட்டது. அதில் அதிகபட்சம் 429 கோடி விலாசங்கள்தான் சாத்தியம். அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிப் பணத்தில் வளர்ந்த அந்த வலையில் அப்போது இருந்தவை சில நூறு கணிப்பொறிகள். 429 கோடி என்பது அவர்களுக்குக் கடல் மாதிரி. குளம் வெட்டியவன் ஊரின் தாகத்தைக் குறைத்து மதிப்பிட்ட கதைகள் நம் பாடப்புத்தகத்திலேயே உண்டு. இதுவும் அந்த வரிசைதான். 1990-களின் தொடக்கத்திலேயே விலாசம் தீர்ந்துபோகும் என்று தெரிந்துவிட்டது.

நிரந்தர மருந்து, இன்னும் பெரிய விலாச முறை. அதை உருவாக்கி உலகமெங்கும் பரப்பக் காலமாகும். அதுவரைக்கும் சமாளிக்க 1994-ல் ஈகெவாங், பிரான்சிஸ் என்ற இருவர் ஒரு யோசனையை எழுதி வெளியிட்டார்கள். ஒரு அலுவலகம் முழுவதற்கும் வெளியே சில விலாசங்களே போதும். உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள் என்ன எண் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். வாசலில் நிற்கும் பெட்டி உள் எண்ணை வெளி எண்ணாக மாற்றி அனுப்பும். தற்காலிக ஏற்பாடு என்று அவர்களே அதில் சொல்லியிருக்கிறார்கள். முப்பது வருடம் தாண்டிவிட்டது, அந்தத் தற்காலிகம் நம் வீட்டு வரவேற்பறையில் விளக்கெரிய உட்கார்ந்திருக்கிறது. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த கடைசி விலாசத் தொகுதிகளும் பகிர்ந்து கொடுக்கப்பட்டன. அன்றைக்கு ஒன்றும் இடிந்து விழாததற்கு இந்தச் சமாளிப்பு ஒரு முக்கியக் காரணம்.

உள்ளே பயன்படுத்தவென்றே மூன்று எண் வரிசைகளை ஒதுக்கினார்கள். அந்த விதியின் இன்றைய வடிவம் 1996-ல் வந்தது. மூன்றில் ஒன்றுதான் 192.168 என்று தொடங்குவது. ஊருக்கு ஊர் கீழத்தெரு 1-ஆம் நம்பர் வீடு இருக்கிறது, ஆனாலும் தபால்காரர் குழம்புவதில்லை; ஊர் வேறு. அதே மாதிரி உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் 192.168.1.1 இருக்கிறது, ஒரு குழப்பமும் இல்லை. ஒரே தெருவில் இரண்டு 1-ஆம் நம்பர் வீடு வந்தால்தான் தகராறு. அதைத்தான் நான் செய்தேன். பேத்தியின் கம்ப்யூட்டர் வெளியே போக 1-ஆம் நம்பரைத் தேடியது. ஒரு சமயம் உண்மையான வாசல் பதில் சொன்னது, இன்னொரு சமயம் வெளி இணைப்பே இல்லாத என் பழைய பெட்டி பதில் சொன்னது.

தகராறு அதோடு முடியவில்லை. வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் எண் கொடுப்பது யார்? அதற்கும் 1993-ல் ஒரு முறை வந்தது, டிஹெச்சிபி என்று பெயர். ரால்ஃப் டிராம்ஸ் என்ற பேராசிரியர் அந்த விதிகளை எழுதினார். புதிதாக வரும் கருவி "எனக்கு யாராவது ஓர் எண் கொடுங்கள்" என்று கூவும். பெரும்பாலும் முதலில் பதில் சொன்னவர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளும். கல்யாண மண்டபத்தில் பெண் வீட்டுக்காரர் ஒருவரும் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அறைச் சாவி கொடுத்தால் எப்படி இருக்கும்? அதுதான் அன்று காலை நம் வீட்டில் நடந்தது.

சரி, நம்பர் கதை புரிந்தது. இரண்டாவது பெட்டியே தேவைப்பட்டது ஏன்? ஒன்றரை அடிச் சுவரைத் தாண்ட முடியாத அலையை வைத்துக்கொண்டு எதற்கு இந்தப் பாடு?

இதற்கும் ஒரு பழைய கதை உண்டு. நம்மில் மூத்தவர்களுக்கு ரேடியோ லைசென்ஸ் நினைவிருக்கும். வீட்டில் ரேடியோ வைத்திருக்க அஞ்சலகத்தில் வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். அப்பா அந்தச் சின்னப் புத்தகத்தைப் பத்திரத்தோடு சேர்த்துப் பீரோவில் வைத்திருப்பார். 1933-ல் ஆங்கிலேயர் போட்ட கம்பியில்லாத் தந்திச் சட்டம், அனுமதியில்லாமல் அந்தக் கருவியை வைத்திருப்பதே குற்றம் என்றது. எந்த அலைவரிசையை யார் பயன்படுத்தலாம் என்பது எல்லா நாட்டிலும் அரசாங்கத்தின் கையில்தான்.

விலக்காக ஒரு குப்பைமேடு இருந்தது. 1947-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேச மாநாட்டில், செய்தி அனுப்பாமல் வெறுமனே சூடாக்குவதற்கும் தொழிற்சாலை, மருத்துவ வேலைகளுக்கும் அலையைப் பயன்படுத்தும் கருவிகளுக்கென்று சில வரிசைகளை ஒதுக்கினார்கள். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது அதில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில். இரைச்சல் மிகுந்த இடம், செய்தித் தொடர்புக்காரர்கள் ஒதுங்கிப் போன இடம். 1985 மே மாதம் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், மைக்கேல் மார்கஸ் என்ற பொறியாளரின் விடாமுயற்சியால், குறைந்த சக்தியில், பிறர் இடைஞ்சலைப் பொறுத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் லைசென்ஸ் இல்லாமல் அங்கே பேசலாம் என்று திறந்துவிட்டது. நிறையப் பேர் எதிர்த்தார்கள். என் பார்வையில், வைஃபையைக் கண்டுபிடித்த விஞ்ஞானிகளுக்கு இணையாக இந்த அரசாங்க அதிகாரியையும் சொல்ல வேண்டும். அதிகாரிகள் கதவை அடைத்த கதைகளைத்தான் நாம் அதிகம் படிக்கிறோம்.

எல்லோரும் ஒரே இடத்தில் பேசினால் சத்தம்தானே மிஞ்சும்? அதற்கு விடை ஏற்கெனவே ஹவாய்த் தீவுகளில் கிடைத்திருந்தது. நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியர், கடல் அலையில் சறுக்கி விளையாடும் ஆசையும் உள்ளவர், தீவுக்குத் தீவு கணிப்பொறியை ரேடியோவால் இணைக்க விரும்பினார். 1971-ல் அலோஹாநெட் என்ற அமைப்பு ஓடத் தொடங்கியது. அதன் விதி மிக எளிது. பேச வேண்டுமென்றால் பேசிவிடு. கிடைத்தது என்று பதில் வராவிட்டால், யாரோ குறுக்கே பேசிவிட்டார்கள் என்று பொருள். ஏதோ ஒரு கணக்கில் கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி சொல். ஆளாளுக்குக் காத்திருக்கும் நேரம் வேறு என்பதால் மறுமுறை மோதுவது குறையும். நாற்பது பேர் ஒரே நேரத்தில் "சார், சார்" என்று கத்தும் வகுப்பை நடத்தியவன் நான். இந்த விதி அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் தொண்டை பிழைத்திருக்கும். இதைப் படித்த ராபர்ட் மெட்காஃப் 1973-ல் கம்பிக்கு ஏற்றபடி மாற்றி ஈதர்நெட்டை உண்டாக்கினார். முற்றத்து ஓரம் நான் இழுத்த வயரில் ஓடுவது அதன் வாரிசுதான்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் வேலை பார்த்த விக் ஹேஸ் தலைமையில் கம்பெனிகளெல்லாம் உட்கார்ந்து பேசி, 1997-ல் கம்பியில்லா வலைக்குப் பொது விதிகள் வந்தன. 1999-ல் வேகம் கூடியது. வைஃபை என்ற பெயரும் அந்த ஆண்டு சூட்டியதுதான். விளம்பரக் கம்பெனியிடம் காசு கொடுத்து வைத்த பெயர், எதற்கும் சுருக்கம் இல்லை. நம் நாட்டில் 2005 ஜனவரியில்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசைக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று விதி வந்தது. அப்பா லைசென்ஸ் புத்தகம் வைத்திருந்த அதே பீரோவின் மேல் இன்று ரூட்டர் நிற்கிறது, ஒரு கையெழுத்தும் இல்லாமல். அந்தச் சுதந்திரத்துக்கு விலை, குறைந்த சக்தி. பக்கத்து வீட்டை நசுக்காத அளவுக்குத்தான் நம் பெட்டி பேசலாம். அதனால்தான் சுவருக்குச் சுவர் களைத்துப்போகிறது.

இனி, சரியாக எப்படிச் செய்தேன் என்பது. உங்களில் யாராவது என் மாதிரி அலமாரியில் பழைய ரூட்டர் வைத்திருந்தால் உதவும். முதலில் பழைய பெட்டியை மற்றதோடு சேர்க்காமல் தனியாக ஓடவிட்டு, ஒரு கம்ப்யூட்டரை மட்டும் அதில் இணைத்து அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். டிஹெச்சிபியை நிறுத்தினேன். சாவி கொடுக்கும் வேலை முன்கட்டுப் பெட்டிக்கு மட்டும். பிறகு அதன் எண்ணை 192.168.1.2 என்று மாற்றினேன். அந்த எண்ணை முன்கட்டுப் பெட்டி வேறு யாருக்கும் கொடுத்துவிடாதபடி, அது கொடுக்கும் வரிசையை 100-லிருந்து தொடங்கச் செய்தேன். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றே. நடந்து போகும்போது போன் தானே மாறிக்கொள்ளும், சில போன் கொஞ்சம் அடம் பிடிக்கும். 2.4-ல் சேனல் மட்டும் வேறு, முன்கட்டில் 1, பின்கட்டில் 11. கடைசியாகத்தான் வயர். இரண்டு பக்கமும் லேன் என்று போட்ட துளையில் செருக வேண்டும்; தனி நிறத்தில் இருக்கும் வான் துளையில் இல்லை. இவ்வளவும் செய்தால் அந்தப் பெட்டி வீட்டுத் தலைவர் வேலையை விட்டுவிட்டு, வயரில் வருவதை அலையாக மாற்றும் வேலையை மட்டும் பார்க்கும். மொத்தம் இருபது நிமிடம். அன்று காலை செய்யாமல், முந்தின ஞாயிற்றுக்கிழமை செய்திருக்கலாம்.

அந்தத் தம்பி வீட்டுக்குப் போன வாரம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அவன் சிரித்துவிட்டு, "வயரைச் சுவரோட கிளிப் அடிச்சு வைங்க சார், எலி கடிக்கும்" என்றான். அடித்துவிட்டேன்.

பேத்திக்கு வருகிற வியாழக்கிழமை வேறு ஓர் இடத்தில் நேர்முகம். அன்று 10 மணியிலிருந்து 12 மணி வரை யாரும் எனக்கு வீடியோ கால் போட வேண்டாம். முடிவு என்ன ஆனாலும் குடும்பக் குழுவில் அவளே எழுதட்டும். அதற்கு முன் யாரும் கேட்காதீர்கள். பழைய பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "பின்கட்டு, 192.168.1.2, ரீசெட் பொத்தானைத் தொடாதே". விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளிடம் பெற்றோர் இதை இப்போதே சொல்லி வைக்கவும்.