ராஜ்தூத் 350: ஹெச்.டி.யும் எல்.டி.யும்

ராஜ்தூத் 350 என்பது ஜப்பானின் யமஹா ஆர்.டி.350பி மோட்டார் சைக்கிளை உரிமம் பெற்று எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் ஏறத்தாழ 1990 வரை இந்தியாவில் தயாரித்த வண்டி. பழைய வண்டிகளைச் சேகரிப்போர் இதை இரண்டு தலைமுறையாகப் பிரிக்கிறார்கள். முதலில் வந்தது ஹெச்.டி.; 1985 வாக்கில் அதன் இடத்தைப் பிடித்தது எல்.டி. உயர் முறுக்குவிசை, தாழ் முறுக்குவிசை என்பவற்றின் ஆங்கிலச் சுருக்கங்கள் இவை.

இரண்டுக்கும் எஞ்சின் அமைப்பு ஒன்றுதான்: காற்றால் குளிரும் 347 சிசி டூ-ஸ்ட்ரோக், இரட்டைச் சிலிண்டர், ஆறு கியர். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரீட் வால்வு, உள்ளே போன பெட்ரோல் கலவை பின்வாங்காமல் தடுக்கும். ஆயிலுக்குத் தனித் தொட்டியும் பம்பும் உண்டு என்பதால் பங்கில் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டியதில்லை.

ஜப்பானிய மூல வண்டியின் திறன் 39 குதிரைத்திறன். இந்தியாவில் மைலேஜை முன்னிட்டு அதைக் குறைத்தார்கள், ஹெச்.டி.க்கு 30.5 கிடைத்தது. அப்போதைய புல்லட் 350-இன் திறன் ஏறத்தாழ 18 தான் என்பதை நினைத்தால், அந்தப் பிக்கப் அன்றைய இளைஞர்களை ஏன் மிரட்டியது என்பது விளங்கும். போர்ட்டுகளையும் சைலன்சரையும் மேலும் மாற்றியதில் எல்.டி. 27-க்கு இறங்கியது. மைலேஜ் கூடியது, சீற்றம் தணிந்தது.

ஆனால் இன்று சேகரிப்போரிடையே விலையைத் தீர்மானிப்பது இந்த 3.5 குதிரைத்திறன் மட்டுமல்ல. ஹெச்.டி.யின் பாகங்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்தவை; எல்.டி.யில் பெரும்பாலானவை உள்நாட்டுத் தயாரிப்பு. இதனாலேயே எல்.டி.யை இரண்டாந்தரமாகப் பார்ப்பது நியாயமல்ல. இவ்வளவு நுட்பமான எஞ்சினை இங்கேயே வார்த்துக் கடைந்து ஓடவிட்ட உழைப்பு அதில் இருக்கிறது. உண்மையான குறை இரண்டுக்கும் பொதுவானது. ஜப்பானிய வண்டியின் முன் டிஸ்க் பிரேக்கை விட்டுவிட்டு இங்கே டிரம் பிரேக் பொருத்தினார்கள். ஓடும் வேகத்துக்கு நிற்கும் வசதி போதவில்லை.

பந்தயத்திலும் இந்த வண்டிக்கு இடம் இருந்தது; களம், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்றில் அங்கே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1980களில் அங்கே ஓடிய வண்டிகளில் ஆர்.டி. என்று அழைக்கப்பட்ட இந்த வண்டியும் உண்டு. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறந்த பிறகு பந்தயங்கள் அங்கே போய்விட்டன.

இன்று அசல் பாகம் கிடைப்பதுதான் பெரும்பாடு. சென்னைக்காரர்கள் புதுப்பேட்டைக் கடைகளில் தேடி அலைகிறார்கள். எல்.டி. சிலிண்டரின் போர்ட்டுகளை அராவிப் பெரிதாக்கிய வண்டிகளும், இரண்டு தலைமுறைப் பாகங்களும் கலந்துபோன வண்டிகளும் புழக்கத்தில் உள்ளன. பெயின்ட்டையும் ஸ்டிக்கரையும் நம்பி ஹெச்.டி. என்று வாங்கிவிடக் கூடாது. சிலிண்டரைக் கழற்றிப் போர்ட்டுகளைப் பார்த்தபின் விலை பேசுவதே முறை.