சேசிசைத் தட்டிப் பார்த்தவர்கள்

பழைய வாகனத்தைத் திருத்துவதா, விற்பதா என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் உரிமையாளர் தானாக விடை சொன்ன காலம் மிகக் குறைவு. இறக்குமதிச் சட்டம், போர், அடைபட்ட பாதை, டொலர்த் தட்டுப்பாடு என்று ஒவ்வொரு தலைமுறையிலும் ஏதோ ஒன்று அவருக்காகத் தீர்மானித்தது. எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் பிக்கப் இந்த எல்லாக் காலத்தையும் கண்டது. வலிகாமத்தின் செம்மண்ணில் வெங்காயம் செய்த என் தகப்பன் அதைப் பழையதாகத்தான் வாங்கினார். இன்று அது என் பொறுப்பில் இருக்கிறது. கியர்பொக்ஸில் சத்தம், கதவடியில் கறள். திருத்துவதென்று முடிவெடுத்துவிட்டேன்.

மொறிஸ் மைனர் கார் இங்கிலாந்தில் 1948இல் வந்தது. கால் தொன் ஏற்றும் வானும் பிக்கப்பும் 1953இல் வந்தன. 1956இல் 948 சீசீ, 1962இல் 1098 சீசீ என்று எஞ்சின் வளர்ந்தது. வெளியே பார்க்கக் காரும் பிக்கப்பும் ஒரே முகந்தான். ஆனால் காருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. அதன் உடம்பே அதைத் தாங்கும். பிக்கப்புக்கும் வானுக்கும் மட்டும் தனி இரும்புச் சேசிஸ். கார் அடியில் உக்கினால் முழு உடம்புக்கும் ஆபத்து. பிக்கப்பில் தகரம் போனாலும் சேசிஸ் நின்றால் மற்றதெல்லாவற்றையும் அதன்மேல் மறுபடி கட்டலாம்.

எங்கள் ஊர்க் கராச்சில் இருந்த வயதான மெக்கானிக்கின் வேலை சேசிசிலிருந்துதான் தொடங்கும். போனற்றைத் திறக்கமாட்டார். சாக்கை விரித்து வண்டிக்குக் கீழே படுத்து, பின்பக்க வில்லுத் தகடு சேசிசில் பிடிக்கும் இடத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டுவார். கணீரென்று கேட்டால் அடுத்த இடம். பொத்தென்று கேட்டால் ஸ்குறூ ட்றைவர் நுனியால் குத்திப் பார்ப்பார். பிறகு முன்சில்லைத் தூக்கி ஆட்டி, கீழ்ப்பக்க ட்ரனியன் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். மைனரில் ட்ரனியனுக்குக் கிறீஸ் போடாமல் விட்டால் ஒரு நாள் சில்லு மடிந்து வண்டி வீதியில் குந்திவிடும். "தம்பி, எஞ்சினை எப்பவும் இறக்கி ஏத்தலாம். சேசிஸ் உக்கினா ஒண்டும் செய்யேலாது" என்பார். நான் எடுத்த முடிவும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் நிற்கிறது.

1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராமல் போனதால் யாழ்ப்பாணத் தோட்டக்காரர் கையில் காசு புரண்டது. அதே கட்டுப்பாட்டால் புது வாகனமும் உதிரிப்பாகமும் வரவில்லை. காசு இருந்தும் வாங்கப் புதிது இல்லாதபோது, இருக்கிற வண்டியைத் திருத்துவதுதான் வழி. கராச்சுகளும் கடைசல் பட்டறைகளும் அந்த வருடங்களில்தான் தொழிலை ஆழமாகக் கற்றன. கடையில் வாங்க முடியாத புஷ்ஷையும் பின்னையும் இரும்புத் துண்டிலிருந்து கடைந்தெடுத்தார்கள். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் வெங்காய விலை விழுந்தது, யப்பான் வாகனங்கள் வந்தன. மைனர்கள் பல கொட்டிலுக்குள் ஒதுங்கின.

அவற்றை வெளியே கொண்டுவந்தது 1990. யூன் மாதம் போர் மறுபடி மூண்டபின் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றறி, உதிரிப்பாகம், சீமெந்து என்று பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. அதில் கார் ஓட்ட எங்கள் ஆட்கள் எங்கே கற்றார்கள் என்று வெளியூரார் வியப்பார்கள். தோட்டக் கிணற்றடியில் கற்றார்கள். துலா குறைந்து பம்புகள் வந்த நாளிலிருந்தே வலிகாமத்து விவசாயிக்கு மண்ணெண்ணெய் எஞ்சினைத் தெரியும். பெற்றோலில் தொடக்கு, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்று என்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் அறிந்த வேலை.

அதையே பிக்கப்புக்குக் கொண்டுவந்தார்கள். காபரேற்றருக்கு மேலே ஒரு மருந்துப் போத்தல், அதிலிருந்து மெல்லிய ரியூப், போத்தலுக்குள் பொன்போல வைத்திருந்த கொஞ்சப் பெற்றோல். ஸ்ராட் ஆகி, கையை வைத்தால் சுடும் அளவுக்கு எஞ்சின் சூடேறியதும் தாங்கியிலிருந்து மண்ணெண்ணெயைத் திறப்பார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது என்பதால் றேடியேற்றர் முன்னால் சாக்குத் துண்டு கட்டிச் சூட்டைக் காத்தார்கள். அமுக்கம் கூடிய புது எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் தட்டும், இழுக்காது. அமுக்கம் குறைந்த பழைய மொறிஸும் ஒஸ்ரின் ஏ40உம் தாங்கின. ஒதுக்கி வைத்த கிழட்டு வண்டிகளே அதனால் ஊரின் முக்கிய வாகனங்களாயின. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையத்தைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணியாக்கும், பெயரிங் தேயும். அதை அறிந்தே ஓட்டினார்கள். நோயாளியையும் பிள்ளைப்பேற்றுக்காரியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வழி இருக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே போரில் இடம்பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது முதியவர்களையும் மூட்டைகளையும் ஏற்றியவற்றில் இந்த வண்டிகளும் இருந்தன.

நாங்கள் வேறு வழியில்லாமல் செய்ததை லாபம் பார்த்தே செய்யலாம் என்றவரும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைத் திருத்தி வந்த சார்ள்ஸ் வேர், 1982இல் எழுதிய நூலில் ஒரு கணக்கை வைத்தார்: புதுக் கார் வாங்கி அதன் விலை விழுவதில் இழக்கும் காசைவிட, நல்ல பழைய காரைத் தொடர்ந்து பேணச் செலவாகும் காசு குறைவு. மைனருக்கான தகடுகளை 1990களில் இலங்கையிலேயே செய்வித்து இங்கிலாந்துக்கு அனுப்பும் தொழிலிலும் அவர் பங்கெடுத்தார். இந்தத் தீவின் ஒரு பக்கத்தில் அந்தத் தகடுகள் கப்பலேறிக்கொண்டிருக்க, எங்கள் பக்கத்தில் ஒரு பற்றறிக்கு வழியில்லை. அதை நினைக்க இன்றும் நெஞ்சு கனக்கிறது.

யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2002இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மூடி, போர் முடிந்தபின் மறுபடி திறந்தது. லீசிங்கில் புது வாகனங்கள் வந்து குவிந்தன. பழையதைத் திருத்துவது வறுமையின் அடையாளம் என்று பிள்ளைகள் நினைக்கத் தொடங்கினார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022 யூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா ஆனது. பழைய வாகனத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. இந்த முறை தெற்கும் வடக்கும் ஒரே வரிசையில் நின்றன. இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தது. நாளை எது மூடும் என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே பழைய பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இது. வாங்க வருபவர் சொல்லும் விலையைக் கேட்கமுன் சேசிசைத் தட்டிப் பாருங்கள். அது உக்கியிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டு விட்டுவிடுங்கள். பாரம் ஏற்றும் வண்டியில் உயிரோடு விளையாடக்கூடாது. சேசிஸ் நின்றால், பாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள். கடைசியாக, அதைத் திருத்தத் தெரிந்த கை உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். கறளை வெட்டி ஒட்டலாம், கியர்பொக்ஸை மாற்றலாம். அந்தக் கை போய்விட்டால் காசு கொடுத்தும் வாங்க முடியாது. எழுபது வயதைத் தாண்டிய மெக்கானிக்மார் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் பிள்ளையை ஒரு லீவுக்காவது அவர்களிடம் வேலை பழக அனுப்புங்கள்.