நட்பு பெஞ்சு

நட்பு பெஞ்சு என்பது ஜிம்பாப்வேயில் பயிற்சி பெற்ற மூதாட்டிகள் வழியாக மனநல ஆலோசனை வழங்கும் சமூகத் திட்டம். மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில் இதைத் தொடங்கினார்.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் அரசு நகரக் குடியிருப்புகளை இடித்துத் தள்ளியிருந்தது. சுமார் 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இழந்ததாக ஐ.நா. மதிப்பிட்டது. நாட்டிலிருந்த மனநல மருத்துவர்களையோ விரல்விட்டு எண்ணிவிடலாம். சிபாண்டாவிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண் ஒருவர், ஹராரே வரப் பேருந்துக் கட்டணம் இல்லாத நிலையில் தற்கொலை செய்துகொண்டார். நோயாளி இருக்கும் இடத்துக்கே சிகிச்சை போக வேண்டும் என்று சிபாண்டா முடிவெடுக்க அந்த மரணமே காரணம்.

அவருக்குக் கிடைத்தவர்கள், சுகாதாரத் தொண்டர்களாக இருந்த 14 பாட்டிமார். சுகாதார நிலையத்தில் அறை இல்லாததால் வெளியே மர பெஞ்சு போடப்பட்டது. முதலில் அதற்கு ‘மனநல பெஞ்சு’ என்று பெயர். அப்படிச் சொன்னால் ஒருவரும் வந்து உட்கார மாட்டார்கள் என்று பாட்டிமார் எடுத்துச் சொன்ன பிறகே இன்றைய பெயர் வந்தது.

வருபவரின் நிலை ஷோனா மொழியில் அமைந்த 14 கேள்விகளால் கணிக்கப்படும். பிறகு பெஞ்சில் பேச்சு தொடங்கும். மனதில் உள்ளதையெல்லாம் கொட்டியபின், அவற்றுள் முதலில் எதைக் கையிலெடுப்பது என்று வந்தவரே தேர்ந்தெடுப்பார்: வேலையின்மையாக இருக்கலாம், எச்.ஐ.வி. தொற்றைக் கணவரிடம் சொல்வதாக இருக்கலாம். அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் அவர் வாயிலிருந்தே வரவழைப்பது பாட்டியின் வேலை. புத்திமதி சொல்லியே பழகிய வயதில் இது லேசான காரியமல்ல. ஆறு அமர்வுகள் வரை இப்படி நடக்கும். பின்னர் சக உதவிக் குழுவில் சேரலாம்; அங்கே பெண்கள் பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டு பை பின்னியபடியே பேசிக்கொள்வார்கள், பையை விற்றால் கொஞ்சம் வருமானமும் உண்டு.

24 சுகாதார நிலையங்களில் 573 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. ஆறு மாதங்களுக்குப் பின், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 49.9 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சுக்கு வந்தவர்களில் 13.7 சதவீதத்தினருக்கே. ஆனால் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; ஆண்களுக்கும் இதே பலன் கிடைக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. திட்டம் பின்னர் மலாவி, சான்சிபார், நியூயார்க் ஆகிய இடங்களுக்கும் சென்றது. தற்கொலை எண்ணம் தெரிந்தால் பாட்டிமார் தாங்களே சமாளிப்பதில்லை; மேல்நிலைச் சிகிச்சைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.