கம்ப்யூட்டரின் வாசல் காவல்: ஒரு சின்ன வரலாறு

போன மாதம் கிளப் ஹவுஸில் மின்கழிவுப் பெட்டி வைத்திருந்தோம் அல்லவா, அதில் யாரோ ஒரு பிஸ்கட் டப்பா நிறைய பிளாப்பி போட்டிருந்தார்கள். பழைய, அகலமான ஐந்தேகால் அங்குல பிளாப்பி. கூட நின்ற கல்லூரிப் பையன், "இதுல எத்தனை ஜிபி அங்கிள்?" என்றான். ஒன்றில் 360 கேபி. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ கூட அதில் அடங்காது. ஆனால் பிசி வைரஸ்கள் முதன்முதலில் ஊர் ஊராகப் போனது இதில் ஏறித்தான்.

அந்தக் காலத்துப் பிசியை ஆன் செய்தால் முதலில் விழிப்பது மதர்போர்டில் உள்ள பயாஸ். டிரைவில் பிளாப்பி இருந்தால், அதன் முதல் 512 பைட்டை மெமரியில் ஏற்றி, "இனி நீ பார்த்துக்கொள்" என்று ஒதுங்கிவிடும். அதை எழுதியது யார், நடுவில் யாராவது மாற்றினார்களா என்று ஒரு கேள்வி கிடையாது. இரவு ஷிஃப்டுக்கு யூனிஃபார்மில் வந்த ஆளிடம் அடையாள அட்டை கூடக் கேட்காமல் கேட் சாவியையும் விசிட்டர் நோட்டையும் கொடுப்பது போல. அதன் பிறகு அந்த நோட்டை எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும், அந்த ஆள் எழுதியதுதானே அதில் இருக்கும்?

1986-ல் வந்த பிரெய்ன் வைரஸ் செய்தது இதைத்தான். பாகிஸ்தானின் லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாசித் ஆல்வி, அம்ஜத் ஆல்வி என்ற சகோதரர்கள் எழுதியது. தாங்கள் உருவாக்கிய மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமாக நகல் எடுப்பவர்களைப் பிடிக்கத்தான் எழுதினோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை விலாசம், போன் நம்பர் எல்லாம் வைத்திருந்தார்கள்! பிளாப்பியின் முதல் பகுதியில் பிரெய்ன் உட்கார்ந்துகொள்ளும். யாராவது அந்தப் பகுதியைப் படித்துப் பார்க்க முயன்றால், ஒளித்து வைத்திருக்கும் பழைய அசலை எடுத்துக் காட்டும். 2011-ல் ஃபின்லாந்தின் எஃப்-செக்யூர் நிறுவனத்தைச் சேர்ந்த மிக்கோ ஹிப்போனென் அதே விலாசத்துக்குப் போய்க் கதவைத் தட்டினார். சகோதரர்கள் அங்கேயே தொழில் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து வந்த மைக்கேலாஞ்சலோ, எந்த ஆண்டானாலும் மார்ச் 6 அன்று ஹார்ட் டிஸ்க்கை அழிக்கும்படி எழுதப்பட்டிருந்தது. 1992-ல் ஐம்பது லட்சம் கம்ப்யூட்டர் வரை போகலாம் என்று பத்திரிகைகள் அலறின. அடிபட்டவை சில ஆயிரங்கள்தான். மிரண்டவர்கள் ஆன்டிவைரஸ் வாங்கிக் குவித்தது தனிக் கதை. 1998-ல் தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஎச் இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. 1999 ஏப்ரல் 26 அன்று, டிஸ்க்கோடு சேர்த்து, சிலவகை மதர்போர்டுகளில் பயாஸையே அழித்தது. ஆன் செய்தால் திரை இருட்டு. பயாஸ் சிப்பையே மாற்ற வேண்டிய நிலை.

ஆன்டிவைரஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் பிறகுதான் எழுகிறது. அதற்கு முன்பே நுழைந்தவனை எப்படிப் பிடிப்பது? 1997-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆர்பா, ஃபார்பர், ஸ்மித் என்ற மூவர் ஈஜிஸ் என்ற அமைப்பில் ஒரு வழி காட்டினார்கள். ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தின் கையெழுத்தைச் சரிபார்த்த பிறகே பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி சிப்பில் இருக்க வேண்டும்.

அது நம் வீடுகளுக்கு வந்தது 2012-ல், விண்டோஸ் 8 உடன், செக்யூர் பூட் என்ற பெயரில். மதர்போர்டுக்குள் இரண்டு பட்டியல் இருக்கும்: உள்ளே விடலாம், விடக்கூடாது. நம் கேட்டில் இருப்பது போலத்தான். ஆனால் அனுமதிப் பட்டியலை எழுதுவது யார்? பெரும்பாலான பிசிகளில் மைக்ரோசாஃப்ட்டின் சாவியே இருந்ததால், லினக்ஸ்காரர்கள் கொதித்தார்கள். காசு கொடுத்து வாங்கிய வீட்டுக்குள் நுழைய பில்டரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி என்றே எனக்குப் படுகிறது. வழக்கமான பிசிகளில் உரிமையாளரே இதை அணைத்துக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் அப்போது விதி வைத்தது. மேத்யூ காரெட் போன்றவர்கள், மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்ட ஷிம் என்ற சிறு நிரலை முன்னே நிறுத்தி லினக்ஸை உள்ளே கொண்டுவந்தார்கள்.

அதன் பிறகும் ஓட்டை விழுந்தது. 2023-ல் ஈசெட் நிறுவனம் ஆராய்ந்து வெளியிட்ட பிளாக்லோட்டஸ் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் 2022 ஜனவரியிலேயே திருத்திவிட்ட ஒரு குறையுள்ள, ஆனால் முறையாகக் கையெழுத்தான பழைய நிரலைக் காட்டியே நுழைந்தது. காலி செய்து போன வாடகைக்காரரின் கேட் கார்டை ரத்து செய்ய மறந்த கதை. மறதி என்று மட்டும் சொல்ல முடியாது. பழைய கையெழுத்துகளை ஒரே அடியாக ரத்து செய்தால், பழைய ரிப்பேர் டிஸ்க்குகளும் அப்டேட் ஆகாத கம்ப்யூட்டர்களும் எழாமல் போய்விடும்.

2024-ல் பைனார்லி நிறுவனம் கண்டுபிடித்தது இதைவிடக் கூத்து. பல தயாரிப்பாளர்களின் நூற்றுக்கணக்கான மாடல்களில், சோதனைக்காகக் கொடுத்த மாதிரிச் சாவியே தலைமைச் சாவியாக விற்பனைக்கு வந்திருந்தது. அதன் பெயரிலேயே "நம்பாதீர்கள்" என்று எழுதியிருந்தது. யாரும் படிக்கவில்லை போலும்.

இப்போது நம் வீட்டுக் கணக்கு. 2011-ல் வழங்கப்பட்ட மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூன் முதல் முடியத் தொடங்குகிறது. கம்ப்யூட்டர் நின்றுவிடாது, புதிய சான்றிதழ் ஏறாவிட்டால் தொடக்கப் பகுதிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வருபவர்கள் கவனிக்கவும். ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால், செக்யூர் பூட் ஸ்டேட் என்ற வரியில் ஆன் என்றிருக்க வேண்டும். சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கியவர்கள் கட்டாயம் பாருங்கள். ஓஎஸ் போடும்போது இதை அணைத்துவிட்டு அப்படியே தருவது உண்டு. ஆஃப் என்றிருந்தால் உடனே மாற்றப் போகாதீர்கள். பிட்லாக்கர் போட்டிருந்தால் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். முதலில் அதை ஒரு தாளில் எழுதி, பத்திரம் வைத்திருக்கும் ஃபைலிலேயே வையுங்கள்.